கூட்டேரிப்பட்டு மேட்டில் நின்ற கரி வண்டி

— கட்டு எங்க மேரி?

— மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடுங்கண்ணே. தொண்டையெல்லாம் கரி.

— பானையில இருக்குது, மொண்டுக்க. அம்பது ‘தமுக்கு’ பத்திரிகை கட்டிக் குடுத்தேன். ராவும் பகலுமா நீ அச்செழுத்துக் கோத்த, நான் மெஷினச் சுத்தினேன். விழுப்புரத்துல பர்மிட்டு ஆபீசரு கையில ஒண்ணு குடு, மீதிய கச்சேரி ஆபீசு வாசல்ல வித்துடுன்னு சொல்லி அனுப்பினேனா இல்லியா?

— சொன்னீங்க.

— குடுத்தியா?

— இல்லண்ணே.

— போச்சு. விஷயத்துக்கு வா. எங்க வுட்டுட்டு வந்த?

— எரிஞ்சி போச்சு. அம்பதும்.

— அம்பதுமா?

— இன்னாண்ணே, அப்பிடியே ஸ்டூல்ல உக்காந்துட்டீங்க.

— உக்காராம? இன்னிக்குதான் பெரியசாமி பஸ்சுக்கு பர்மிட்டு புதுசு பண்றாங்க. சேரிச் சனம் முழு டிக்கட்டு வாங்கினாலும் சீட்டுல உக்காரக் கூடாது, கீழ பலகையிலதான் குந்தணும்னு அவன் சட்டம் வச்சிருக்கான். ஆபீசரு படிச்சா கேள்வி கேப்பாரு. படிக்கலன்னா அடுத்த பர்மிட்டு வரைக்கும் உங்க சனம் தரையிலதான்.

— எனக்குத் தெரியாதா? அந்தத் தரையில குந்திக்கினு போனவதானே நானு. சேதிய எழுதினதே நாந்தானே.

— ஊருக்குள்ள வித்தத பெரியசாமி படிச்சிட்டு காலையில ஆள் அனுப்பிச்சான். எழுதினது பொய்னு மறுப்பு போடணுமாம். இத்தினி வருஷமா தமுக்கு அடிக்கிறேன், ஒரு வரி மறுப்பு போட்டதில்ல, என் கட்ட வேகற வரைக்கும் போடமாட்டேன்னு சொல்லி அனுப்பிச்சேன்.

— அப்பிடியா சொன்னீங்க?

— சொன்னேன். இன்னா சிரிக்கிற?

— ஒண்ணுமில்ல. கேளுங்க. பத்திரிகைக் கட்ட கோணியில போட்டு, மேல மல்லாட்டக் கடலையப் பரப்பிக்கினு அவரு வண்டியிலயே ஏறினேன்.

— அவன் வண்டியிலயா?

— காலையில வேற வண்டி ஏது? கீழ பலகையில முனியம்மா அக்கா, ராயப்பன் மாமா, இன்னும் திருவாமாத்தூருக்கு நடவுக்குப் போறவங்க. முன் சீட்டுல பெரியசாமி முதலாளி. பட்டு அங்கவஸ்திரம், சந்தனப் பொட்டு. மாதா சத்தியமா, பொண்ணு பார்க்கப் போறவரு மாதிரியே இருந்தாரு.

— விஷயத்துக்கு வா.

— வர்றேன், பொறுங்க. உலகச் சண்டைக்கு பெட்ரோலு போனதுல இருந்து கரிய எரிச்சி ஓடற வண்டிதானே. ராத்திரி மழையில கரி நனைஞ்சி கெடந்திருக்குது. கூட்டேரிப்பட்டு மேட்டுல வண்டி நின்னுடுச்சு. கிளீனரு பின்னாடி இருக்கிற அடுப்பக் கிண்டறான், ஊதறான், பத்தல. காஞ்ச காகிதம் இருந்தா குடுங்கன்றான். முதலாளி எறங்கி வந்து மூட்ட மூட்டையா உதறறாரு. என் கோணியக் கவுத்தாரு. மல்லாட்டையெல்லாம் ரோட்டுல. அடியில தமுக்கு.

— போச்சு.

— பேரப் பார்த்தாரு. மூஞ்சி செவந்துச்சு. அப்பறம் ஒரு சிரிப்பு. இந்தப் பத்திரிகையாலயும் ஒரு உபயோகம் இருக்குதேன்னு கட்டோட அடுப்புல போட்டாரு.

— பாவி.

— நல்லா எரிஞ்சுதுண்ணே. நீங்க எழுதின தலையங்கம் ஆச்சே. கரி ஜல்தியா பத்திக்கிச்சு.

— வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சாத.

— பத்தினா போதுமா, தள்ளிதானே கெளப்பணும்? தள்றது எப்பவும் நாங்க. சீட்டு ஆளுங்க எறங்கமாட்டாங்க. எறங்கித் தள்ளுங்கன்னாரு. எறங்கினோம்.

— தள்ளினீங்களா?

— ரோட்டோரமா குந்திக்கினோம். செதறின மல்லாட்டையப் பொறுக்கி, உரிச்சித் தின்னுக்கினு.

— அட. யாரு ரோசன?

— முனியம்மா அக்காதான். ‘உக்காரக் கூடாதுன்னு சொல்லிக்கினே இருந்தீங்க, இன்னிக்கு ஆசதீர உக்காந்துக்கறோம் சாமி, ரோட்டுல உங்க சட்டம் இல்லியே’ன்னுச்சு.

— முனியம்மாவா? கடத்தெருவுல நிமிந்தே பாக்காதே அது.

— அதேதான். முதலாளி குதிக்கிறாரு, கடியாரத்தப் பாக்கறாரு. லேட்டாப் போனா பர்மிட்டு பேஜாரு. சீட்டு ஆளுங்களத் தள்ளச் சொன்னாரு. ஒரு கையில வேட்டி, ஒரு கையில வண்டி. நகருமா? கடைசியா எங்க கிட்ட வந்தாரு. இன்னாதான் வோணும்னாரு.

— நீ இன்னா சொன்ன?

— சீட்டுன்னேன். எல்லாருமாத் தள்ளுவோம், எல்லாருமா உக்காருவோம், நீங்களும் தள்ளணும்னேன்.

— தள்ளினானா?

— அங்கவஸ்திரத்த இடுப்புல சுத்திக்கினு, ராயப்பன் மாமாவுக்குப் பக்கத்துல தோளோட தோளா. வண்டி கெளம்பிச்சு. ஏறி உக்காந்தோம். நெருக்கிக் குந்தினதுல எல்லாருக்கும் எடம் இருந்துச்சு, இத்தினி நாளா இல்லாத எடம். முனியம்மா அக்கா விக்கிரவாண்டி வரைக்கும் சீட்டத் தடவிக்கினே வந்துச்சு. அதப் பார்த்து எனக்கு அழுகையே வந்துடுச்சு.

— எனக்கும் வருது. ஆனா ஒரு நாள் கூத்து மேரி. ஆபீசரு படிக்கலியே. நாளைக்கு மறுபடியும் தரையிலதான்.

— கச்சேரி வாசல்ல வண்டி இன்னொரு தடவ நின்னுடுச்சுண்ணே.

— நின்னா?

— இந்தத் தடவ யாரும் எறங்கல. களைப்பு. முதலாளியும் கிளீனருந்தான் தள்றாங்க. ஆபீசரு வெராந்தாவுல நின்னு பார்க்கறாரு. முதலாளி தள்ற வண்டியில உள்ள யாரு உக்காந்திருக்கிறதுன்னாரு. முதலாளிக்கு மூஞ்சியெல்லாம் கரி, சுத்தி சனம். ‘நம்ம பாசஞ்சருங்க சார், நம்ம வண்டியில டிக்கட்டு வாங்கினவங்க எல்லாரும் உக்காரலாம் சார்’னாரு.

— அவன் வாயால?

— அத்தினி பேரு முன்னால. நல்ல ஏற்பாடு, அதையே பர்மிட்டுல நிபந்தனையா எழுதுன்னு ஆபீசரு குமாஸ்தாவுக்குச் சொல்லிட்டாரு. முதலாளி கையெழுத்தும் போட்டாரு.

— மாதா சத்தியமா?

— சாமி இல்லன்னு எழுதறவரு எப்பண்ணே மாதாவ நம்ப ஆரம்பிச்சீங்க?

— இன்னிக்கு ஒரு நாளு நம்பிக்கிறேன், சொல்லு.

— சத்தியமா. திரும்பறப்ப நான் சன்னலோரம். முதலாளி பக்கத்துல வந்து, இப்பவாவது உங்க ஆசிரியரு மறுப்பு போடுவாரான்னு கேட்டாரு.

— கேப்பான். என் கட்ட வேகற வரைக்கும்...

— விஷயத்துக்கு வாங்கண்ணே. நம்ம எழுதினது இப்ப உண்மையா? சொல்லுங்க. அந்த வண்டியில நாங்க இப்ப உக்காரலாமா, கூடாதா?

— எழுத்துப் பெட்டிய இழு மேரி. இருக்கறதுலயே பெரிய எழுத்தா எடுத்துக் கோத்துடு: “பெரியசாமி முதலாளியின் பஸ்ஸில் சேரி மக்கள் உட்காரக் கூடாது என்று எழுதியிருந்தோம். இன்று முதல் அது பொய்.”