மேம்பாலத்தடியில் தினமும் சுட்டது தொடர்பாக

திண்டிவனம் ரயிலடிக்குப் பின்னால் மாதா கோயில் தெருவில் குடியிருக்கும் இருதயராஜ் என்பவரின் மனைவி ஆரோக்கியசெல்வி, வயது 43, தொழில் தள்ளுவண்டியில் வடைக்கடை, இன்று எங்கள் சரகக் காவல் நிலையத்தில் நேரில் ஆஜராகிச் சொல்ல, தலைமைக் காவலர் சக்கரபாணி எழுதிக்கொண்டது:

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடன் வசித்து வருகிறேன். மேம்பாலத்துக்குக் கீழே பல வருடமாக மசால்வடை போட்டு விற்கிறேன். என் கணவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த பிறகு கடையில் எனக்கு ஒத்தாசையாக இருக்கிறார். ஒத்தாசை என்று ஏட்டையா எழுதினார், கடையைப் பிடித்துக்கொண்டார் என்று மாற்றச் சொன்னேன், சட்டத்தில் இடமில்லை என்றார். வந்த மறுநாளே வடைகளைத் தட்டில் வரிசை வரிசையாக அடுக்கினார். அதன் பிறகு வாங்க வருகிறவர்களையும் வரிசையில் நிற்க வைத்தார். எங்கள் பங்குச் சாமியாரையே, "ஃபாதர், லைன்ல வாங்க" என்று சொன்னவர் அவர்.

அதன் பிறகு, விழுப்புரத்தில் ஒரு வங்கிக் கிளைக்குக் காவலர் தேவை என்று தெரியவந்தது. சொந்தத் துப்பாக்கியும் அதற்கு உரிமமும் இருந்தால்தான் வேலை, அதையும் செப்டம்பர் மாதா திருவிழாவுக்குள் காட்டினால்தான் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். என் கணவர் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தார். வழக்கு உண்டா, தண்டனை உண்டா, அமைதி காப்பேன் என்று எப்போதாவது எழுதிக் கொடுத்தது உண்டா என்று கேட்டிருந்ததற்கெல்லாம் இல்லை என்று எழுதினார். மனநலச் சான்றுக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆள் இல்லாதபோது காதில் குரல் கேட்குமா என்று டாக்டர் கேட்டார். "விடியக்காலையில இருந்து இவ குரல்தாங்க கேக்குது" என்று என்னைக் காட்டினார். டாக்டர் சிரித்துவிட்டுச் சான்று கொடுத்தார். நான் சிரிக்கவில்லை.

அதன் பிறகு போன அமாவாசை அன்று காலை கடையில் இருந்தேன். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ்ஸுக்கு முன்னால் எங்கள் வண்டியைத்தான் மொய்க்கும். என் கணவர் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றிருந்தார். அப்போது அவருடைய போனுக்கு அழைப்பு வந்தது, நான் எடுத்தேன். பேசியவர் தன்னை யார் என்று சொன்னபோது பஸ்காரன் ஹாரன் அடித்ததால் எனக்குக் கேட்கவில்லை. ஒரு வளைகாப்புக்கு வடை வேண்டும் என்று முந்தின நாள் ஒருவர் விசாரித்திருந்தார். அவர்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நடந்த பேச்சு பின்வருமாறு:

"ஒங்க வீட்டுக்காரர் இருதயராஜுக்கு நல்லா சுடத் தெரியுமாம்மா?"

"என்னங்க இப்டி கேட்டுட்டீங்க? அவரு சுட்டா ஒண்ணுகூட பிசகாது."

"எங்க பழகினாரு?"

"பட்டாளத்துலயே பழகிக்கினாருங்க. இப்ப தெனம் நூறு சுடுறாரு. அமாவாசைன்னா கணக்கே கெடயாது. மேல்மலையனூர் போறவங்க எல்லாருக்கும் சுட்டாகணும்."

"என்னம்மா சொல்லுதிய? எங்க வச்சு?"

"மேம்பாலத்துக்குக் கீழதான். ஜனம் இருக்கற எடத்துலதானங்க சுட முடியும்."

"போலீஸ் ஒண்ணும் சொல்லலையா?"

"அவங்க என்னா சொல்லப் போறாங்க? ஏட்டையா வந்தார்னா சூடா ரெண்டு போட்டுத்தான் அனுப்புவாரு."

எத்தனை வேண்டும் என்று நான் கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

பேசியவர் இந்த நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் காவலர் பிரவீன்குமார் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், உரிம விசாரணைக்காகப் பேசியிருக்கிறார். நான் சொன்னதைச் சொன்னபடியே அறிக்கையில் எழுதிவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். பிள்ளை ஒரு எழுத்துக்கூட விடாமல் எழுதியிருந்தது.

அதன் பிறகு அன்று மத்தியானமே உதவி ஆய்வாளர் அம்மாவும் காவலர்களும் வீட்டுக்கு வந்தார்கள். இதுவரை சுட்ட ஆயுதம் எங்கே என்று கேட்டார்கள். என் கணவர் ஜல்லிக்கரண்டியை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். கேலி செய்கிறார் என்று நினைத்து வீட்டைச் சோதனை போட்டார்கள். மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் டின்னும் பருப்பு மூட்டையும் இருந்தன. கட்டிலுக்கு அடியில் அவருடைய பட்டாளத்து பூட்ஸ் இருந்தது. ஓய்வு பெற்றதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து வந்து அதற்குப் பாலீஷ் போட்டு, காலில் போடாமலே திரும்ப உள்ளே வைத்துவிடுவார். காவலர் பிரவீன்குமார் அதை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

அதன் பிறகு போனில் பேசியது நான்தான் என்றும், பேசியது வடையைப் பற்றி என்றும் சொன்னேன். உதவி ஆய்வாளர் அம்மா எங்கள் வீட்டு முக்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். காவலர் பிரவீன்குமார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கணவரும் சிரிக்கவில்லை. அறிக்கை விழுப்புரத்துக்குப் போய்விட்டது, அதனால் உரிம விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், நான் வாக்குமூலம் கொடுத்தால்தான் திரும்ப எடுப்பார்கள் என்று சொன்னதன் பேரில் இன்று வந்திருக்கிறேன். என் வாய்க்கொழுப்பால் அந்த மனுஷனுக்கு வேலை போகக் கூடாது.

கேட்ட கேள்விகளுக்கு என் பதில்: என் கணவருக்குக் குடிப்பழக்கம் இல்லை. யாரோடும் அடிதடி இல்லை. கோபம் வந்தால் பேச மாட்டார், வெங்காயம் நறுக்குவார். எனக்கும் அவருக்கும் சண்டை வந்த நாளில் வடையில் வெங்காயம் தூக்கலாக இருக்கும், வாடிக்கைக்காரர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். துப்பாக்கியை என் பீரோவில் வைத்துச் சாவியை நான் இடுப்பில் சொருகிக்கொள்வதாகச் சொன்னேன். உரிமம் வாங்குகிறவர் கையில்தான் சாவி இருக்க வேண்டும் என்றார்கள். பீரோ சாவியைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. அதற்கென்று தனியாக இரும்புப் பெட்டி வாங்கிக்கொள்வோம்.

உரிமம் கொடுப்பதில் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள். ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே என்று தினமும் அவரைத் திட்டுகிறேன். நான் சுடுவதைவிட அவர் சுடுவதுதான் நன்றாக இருக்கிறது. அவர் போட்டால் மேலே மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் வரும், எனக்கு அந்தப் பதம் இன்னும் பிடிபடவில்லை. அவர் வங்கிக்குப் போய்விட்டால் கூட்டம் குறையும், எனக்கும் பொழுது போகாது. இதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை. இந்த ஒரு இடத்தை மட்டும் அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டேன். ஏட்டையா சரி என்றார்.

மேலே உள்ளதெல்லாம் நடந்தது நடந்தபடி, யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாகச் சொன்னது. எழுதியதைச் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது முறையாம், ஏட்டையா முழுவதும் படித்துக் காட்டினார். ஏட்டையாவுக்குத் தேர்த் திருவிழாக் குரல். என் கணவர் சன்னலுக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார் என்பது படித்து முடிந்த பிறகுதான் எங்கள் இருவருக்கும் நினைவு வந்தது.

அதன் பிறகு சன்னலுக்கு வெளியிலிருந்து அவர் பேசினார். "செல்வி, பருப்பு ஊற வெச்சிட்டு வந்துக்கிறேன், ஜல்தி கையெழுத்துப் போட்டுட்டு வா. பேங்கு பத்து மணிக்குத்தான் தொறக்கறாங்க. காலையில சுட்டுட்டே போறேன்."

இதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். எழுதினார்கள். சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) இ. ஆரோக்கியசெல்வி