முதல் வகுப்பின் அழைப்புமணி

மாலை ஏழு மணி. குளிர்காலம், அதனால் நல்ல இருட்டு. இங்கே இத்தாலியில், நாங்கள் இருக்கும் கால்சாவிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் தெருவில் ஒரு பூனைகூட இல்லை. ஜெயரூபன் தனியாக நடந்தான்... என் கூட்டாளி கஜானனின் மச்சான்.

“உது நீங்கள் கட்டின கதைதானே?” என்கிறாள் கதை கேட்டுக்கொண்டிருக்கும் துசானி. முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரி, என்கிறேன்.

துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது. ‘கொன்தெஸ்ஸா எலியோனோரா’. ஐம்பதுகளில் ஜெனோவாவிலிருந்து நியூயோர்க்குக்குப் பணக்காரரை ஏற்றிப்போனது. எல்லாரும் விமானம் ஏறத் தொடங்கியதும் மவுசு போய்விட்டது. கொஞ்சக்காலம் உல்லாசப் பயணம், பிறகு கரையில் கட்டிவைத்த ஹோட்டல், கடைசியில் துரு. விடிந்தால் உடைக்க இழுத்துப் போவார்கள். அதற்குள் இருந்த விளக்கு, கதவுப்பிடி எல்லாம் கழற்றுவது ஜெயரூபன் ஆட்களின் வேலை.

வேலை முடித்து வந்தவன் பையை முதல் வகுப்புத் தளத்தில் விட்டுவிட்டான். அவனுடைய பெர்மெஸ்ஸோ, வதிவிட அனுமதி அட்டை, அதற்குள். அந்த அட்டை இல்லாவிட்டால் இந்த நாட்டில் நாங்கள் ஆட்களே இல்லை. அதனால்தான் திரும்பப் போனான்.

பை கிடைத்தது. திரும்பினான்...

டிங்.

பணியாளை அழைக்கும் மணி. கப்பலில் கரண்ட் இல்லை. மணியின் வயர்களைக் காலையில் அறுத்ததே அவன்தான்.

ஆனால் ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிய எசமானி, வீட்டில் வருடக்கணக்காக வேலை செய்த வாய். யோசிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. “அரிவோ, சிஞ்ஞோரா.” இதோ வாறன் அம்மா என்று.

ஏறி வந்த படியைக் காணவில்லை. ஓடினான். நடைவழி வளைந்தது... அதே அறை வாசல். மறுபக்கம் ஓடினான். அதே வாசல். ஈரக் கம்பள நாற்றம் போய் ரோஜாப் பவுடர் வாசம். உள்ளே பட்டுத்துணி உரசும் சத்தம். டிங். அழுதேன் என்று அவனே சொன்னான். விடிந்தால் கப்பலோடு அவனும் போய்விடுவான். வீட்டில் பிள்ளைத்தாச்சி மனைவி.

அப்போதுதான் யோசனை வந்தது. ஊருக்கு லீவில் போக நாங்கள் என்ன செய்வோம்? பதிலுக்கு ஒரு ஆளைக் காட்டினால்தான் சிஞ்ஞோரா விடுவாள். உயிரோடு இருக்கிற யாரையும் மாட்டிவிட அவனுக்கு மனம் வரவில்லை. வன்னியில் கடைசிச் சண்டையில் காணாமல்போன அண்ணனை நினைத்தான். இத்தனை வருடம் செய்தி இல்லாதவன் செத்துத்தான் இருப்பான்; செத்தவனுக்கு இனி என்ன ஆகப்போகிறது?

கதவைப் பார்த்து, இத்தாலியனில், பணிவாகச் சொன்னான். “எனக்குப் பதிலா அண்ணர் பூபாலசிங்கம் வருவார்.”

படி பக்கத்திலேயே இருந்தது.

காலையில் கப்பலும் போய்விட்டது. அடுத்த கிழமை கிளிநொச்சியிலிருந்து அம்மா போன் எடுத்தாள். குரலில் அப்படியொரு சந்தோசம்.

“கொண்ணன் கனவிலை வந்தவன் தம்பி. வெள்ளைக் கோட்டுப் போட்டு, வடிவா நிண்டான். கப்பல்லை வேலையாம்.”

“என்ன வேலையாம் அம்மா?” என்று கேட்டான் ஜெயரூபன்.

“ஒரே மணி அடிக்குதாம், பாவம், இருக்கவே விடாதாம். லீவிலை வாறதெண்டால் பதிலுக்கு ஒரு ஆள் வேணுமாம்... நீ வருவியோ எண்டு கேக்கச் சொன்னவன்.”