உட்காரக் கிடைத்த இடம்

அந்தமானில், சாத்தாமிலிருந்து பம்பூஃப்ளாட் போகும் மாலை போட்டில், துணிக்கடைச் சீருடையில் இரண்டு பெண்கள் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம சங்கத்துக்கு ஆபீஸ் எங்கக்கா?" என்றாள் வேலைக்குப் புதியவள்.

"நீ அதுமேலதான் உக்காந்திருக்கே."

"இந்த பெஞ்சா?"

"ஆமா. கடையில நாள் பூரா நிக்கணும், செவுத்துல சாயக்கூட விடமாட்டாங்க. உக்காந்து நாலு வார்த்தை பேச முடிஞ்சது இந்த போட்டுலதான். பெங்காலி, தெலுங்கு, மலையாளின்னு எல்லாக் கடைப் பொண்ணுங்களும் இங்க ஹிந்தியில புலம்பிப் புலம்பித்தான் சங்கமே ஆச்சு. முதல்ல கேட்டதே உக்கார ஒரு ஸ்டூலு."

"குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. கஸ்டமர் உக்கார. அதான் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கோம்."

புதியவள் குரலைத் தாழ்த்தினாள். "மெதுவாக்கா. அங்க கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது நம்ம சூப்பர்வைசர். ஒட்டுக்கேக்க முதலாளி அனுப்பியிருக்காரு போல."

"அரே, தெரிஞ்சுதான் சத்தமாப் பேசுறேன்."

மூத்தவள் நகர்ந்து இடம் விட்டு, அவரை நேராகப் பார்த்தாள்.

"வாங்கண்ணே, இப்படி வந்து உக்காருங்க. நாளைக்கு முதலாளிகிட்ட ஒண்ணு விடாம சொல்லணும்ல? நீங்களும் காலையிலேருந்து நின்னவருதானே."