புளிக்காத மோர்

எர்னானுக்கு மோர் புளித்திருந்தால் பிடிக்காது. அதனால் காலையில் கடைந்ததை நானே வாங்கி, அவன் அறையின் சின்ன ஜன்னல் வழியாக நீட்டுவேன். சுவருக்குள் அடைபட்டவனுக்கு அதைவிட வேறென்ன சுகம் இருக்கிறது, தந்தையே?

தவமிருக்க உள்ளே போகிறேன் என்று கேட்டவன் அவன்தான். உலகத்துக்கு இறந்தவன் என்று அடக்கச் சங்கீதம் பாடி, வாசலைக் கல்லால் அடைத்தோம். நானும் அவனும் ஒரே பலகையில் எழுத்துப் பழகியவர்கள். அவனுக்கு லத்தீன் நாக்கில் ஓடும். எனக்கு முட்டி மோதித்தான் வரும். ஆனாலும் தன் பாவங்களைக் கேட்டு மன்னிப்புச் சொல்லும் ஆன்ம நண்பனாக என்னையே தேர்ந்துகொண்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேதத்தில் சந்தேகம் கேட்கக் கடல் தாண்டி மாணவர்கள் வந்தார்கள். கேள்வியை நான் கொண்டுபோவேன், பதிலை நான் கொண்டுவருவேன். ஆற்றுக்கு அக்கரை மடத்து மாணவர்களும் எங்களிடம் வந்துவிட, அங்கே பாதிக் குடில்கள் காலியாயின.

இரண்டாம் குளிர்காலத்தில் ஒருநாள், பாவசங்கீர்த்தனம் சொல்லும்போது ஜன்னலில் முகத்தை வைத்து அழுதான்.

"மெல்லான், என்னால முடியலடா. சங்கீதம் பாடினா என் குரல் எனக்கே பயமா இருக்கு. கல்லை எடுக்கச் சொல்லு. மடாதிபதி கால்ல விழுந்தாவது கேளுடா."

"பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை நான் எப்படிடா வெளிய சொல்றது?"

"சொல்லித் தொலைடா! நான்தானே சொல்லச் சொல்றேன்!"

ரகசியம் காக்கும் விதி அவனுக்காக வளையாது. நான் சொல்லவில்லை.

அதன்பின் அவன் கேள்விகளுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டான். வெளியே மாணவர்கள் காத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்ததை அவன் சொன்னதாகச் சொன்னேன். சாக்சன் நாட்டு மாணவன் ஒருவன் கண் கலங்கி, "எர்னான் ஐயா முன்னவிட இப்பத்தான் புரியும்படி சொல்றாரு" என்றான். அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்படியொரு சந்தோஷம்.

பிறகு அவன் கத்த ஆரம்பித்தான். இன்னும் கொஞ்ச நாளில் மாணவர்கள் காதில் விழுந்திருக்கும். எத்தனை பேருடைய விசுவாசம் ஆட்டம் கண்டிருக்கும்? தவக்காலம் தொடங்கிய அன்று ஜன்னலில் அடுப்புக்கு வெட்டிவைத்த கரிமண் கட்டிகளை அடுக்கி, களிமண் பூசினேன். ஒரு விரல் நுழையும் துளை மட்டும் விட்டேன். அதன் வழியாக மட்டுமே பேசுவதாக அவன் விரதம் எடுத்திருக்கிறான் என்று எல்லோருக்கும் சொன்னேன். சில நாள் உள்ளிருந்து தட்டினான். பிறகு அமைதியாகிவிட்டான். ஏடு செய்யக் கன்றுத்தோல் ஊறும் சுண்ணாம்புக் குழி பக்கத்திலேயே இருக்கிறது. நாற்றத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அதன்பின் மூன்று பாஸ்கா பண்டிகைகள் போய்விட்டன. கேள்வியோடு போகிறேன், துளையில் காதை வைக்கிறேன், பதிலோடு வருகிறேன். அவனுக்குக் கொண்டுபோகும் மோரை நானே குடிக்கிறேன். மடத்தில் எதையும் வீணாக்கக் கூடாதல்லவா?

பழைய மடாதிபதி எதையும் துருவ மாட்டார். போன வாரம்தான் அந்த இடத்துக்கு வந்த நீங்கள், நாளைக் காலை ஜன்னலைத் திறந்து எர்னானிடம் ஆசி வாங்கப்போவதாகச் சாப்பாட்டு வேளையில் சொன்னீர்கள். அதனால்தான் உடனே உங்களை என் ஆன்ம நண்பராக இருக்கும்படி கேட்டேன். நீங்களும் மறுக்காமல் உட்கார்ந்தீர்கள். அவன் என்னிடம் சொன்னதை உங்களிடம் சொல்வது வெளியே சொல்வதாகாது. நான் சொன்னதை நீங்களும் யாரிடமும் சொல்ல முடியாது. தெரிந்ததை வைத்துச் சுவரில் கைவைக்கவும் முடியாது.

எழுந்திருக்காதீர்கள். இன்னும் எனக்குப் பாவமன்னிப்பு சொல்லவில்லை. முகம் ஏன் இப்படி வெளுக்கிறது? பாரம் தாங்காவிட்டால் கொஞ்ச நாள் இந்த அறையிலேயே இருங்கள். நீங்கள் மௌனவிரதம் என்று வெளியே நான் சொல்லிக்கொள்கிறேன். எர்னானை எப்படிப் பார்த்துக்கொண்டேனோ அப்படியே உங்களையும் பார்த்துக்கொள்வேன். காலையில் மோர் கொண்டுவருகிறேன். புளித்திருக்காது.