விட்டுப்போன சுழி

திண்டுக்கல்லில் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு, காலையில் வடமதுரை பஸ் வந்த பிறகுதான் ஆள் சேரும். 2001 ஆவணியில் அய்யம்மாளும் அந்த பஸ்ஸில்தான் வந்தார். கையில், பிறந்து இருபத்தெட்டு நாளான ஆண் குழந்தை, அழகுராஜா.

“தொப்புள்கொடி இன்னும் விழுகல சார். சுத்திச் செவந்து கெடக்கு. ஆனா சீழ் வைக்கல” என்றார்.

மைக்ரோஸ்கோப்பில் வெள்ளை அணுக்களை எண்ணினேன். எழுபதாயிரம் வந்தது. அந்த வயதில் இருபதாயிரத்தைத் தாண்டக் கூடாது. முந்தைய வாரம்தான் எண்ணுவதற்காக ரத்தத்தை மருந்துநீரில் கரைத்ததில் தப்புப் பண்ணி, “ஏன்யா ஜெரோம், இம்புட்டுக்கூடத் தெரியாதா?” என்று டாக்டரிடம் எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கியிருந்தேன். இதுவும் கைப்பிழை என்றே நினைத்தேன். மறுபடி எண்ணவில்லை. ஒரு சுழியை விட்டு, ஏழாயிரம் என்று எழுதினேன்.

மார்கழியில் குழந்தைக்கு வாயெல்லாம் புண். கவனமாகக் கரைத்து இரண்டு முறை எண்ணினேன். எண்பதாயிரம். எட்டாயிரம் என்று எழுதினேன். பழைய சீட்டோடு ஒத்துப்போக வேண்டுமே. சித்திரையிலும் அப்படித்தான்.

டாக்டர் அந்த மூன்று சீட்டுகளையும் மதுரையில் ஒரு பெண் நிபுணருக்கு அனுப்பினார். அந்த அம்மா எனக்குப் போன் செய்து பொறுமையாக விளக்கினார். வெள்ளை அணுவின் மேற்பரப்பில் ஒரு புரதம் உண்டாம். ரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றிக்கொண்டு காயத்துக்குள் இறங்க அதுதான் பிடிமானம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அது இருக்காது. அணுக்கள் ரத்தத்திலேயே பெருகிக் கிடக்கும், புண்ணை எட்டாது. சீழும் பிடிக்காது.

“அதுதான்னா எண்ணிக்கை ரொம்ப ஏறியிருக்கணும். உடனே வேலூருக்கு அனுப்பலாம். குழந்தைக்கு ஒரு அக்கா இருக்காளாம், அவளோட எலும்பு மஜ்ஜை சேர்ந்தா பிழைக்க வழியிருக்கு. நீங்க சரியா எண்ணுனீங்களா?”

அவர் சொன்னதெல்லாம் அந்தக் குழந்தையைத்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

“மூணு தடவையும் எண்ணுனேன் மேடம். நார்மல்தான்” என்றேன்.

அதைக் கைப்பிழை என்று சொல்ல எனக்கு வழியில்லை, ஐயா. தெரிந்தேதான் சொன்னேன். ஆனியில் அழகுராஜா இறந்துபோனான். பத்து மாதம்.

போன வாரம் அய்யம்மாள் தன் தோட்டத்துக் கத்தரிக்காயோடு வந்தார். “ரத்தத்துல கோளாறு இல்லைன்னு நீங்க ஒருத்தர்தான் சார் தெம்பு சொன்னீங்க” என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன். ஆனாலும் பையை வாங்கிக்கொண்டேன்.

வேண்டாம் என்றால் அவர் மனசு சங்கடப்படும் என்றுதான்.