தலை சொல்லும் மழை

— இல்லண்ணே, நான் சொல்றதை முழுசா கேட்டுட்டு அப்புறம் திட்டு. முதல்ல கலவை போடுறதை நிறுத்தச் சொல்லு!

— மெதுவா பேசுடா. பக்கத்துலதானே நிக்கிறே? எதுக்கு ஊரைக் கூட்டுறே?

— எப்படி மெதுவா பேசுறது? மழை வரப்போகுது! தெருமுனை திரும்பும்போதே காத்து ஜில்லுன்னு அடிச்சுது. அந்தப் பக்கம் வானம் கறுத்துக்கிட்டு வருது. இங்க வந்தா, மாடித் தளம் போடுற நாளும் அதுவுமா நீ சிமெண்ட் ஷெட்டுல கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கே!

— காலையில போன் பண்ணேன்ல. நீ என்ன சொன்னே?

— தலை சுத்தமா இருக்கு, வலியே இல்லைன்னு சொன்னேன்.

— உன் தலை வலிச்சா மழை. வலிக்கலைன்னா மழை இல்ல. நாம வீடு கட்ட ஆரம்பிச்ச நாள்லேருந்து அதுதானே கணக்கு?

— அந்தக் கணக்குதாண்ணே இப்ப உதைக்குது.

— எப்படி உதைக்குது?

— சொல்றேன். அடிக்கக் கூடாது.

— உனக்கே முன்மண்டையில முடி கொட்டிருச்சு. உன்னை இனிமே அடிச்சு என்ன ஆகப்போகுது? சொல்லித் தொலை.

— நான் மாத்திரை சாப்பிடுறேன். ஒற்றைத் தலைவலிக்கு. தினமும். அதான் வலிக்கல. இனிமே மழை வந்தாலும் வலிக்காது, புயலே வந்தாலும் வலிக்காது! நான் பாட்டுக்குச் சந்தோஷத்துல போன்ல உளறிட்டேன், நீயும் ‘சரி’ன்னு வச்சுட்டே. அப்புறம் பல்லு விளக்கும்போதுதான் சுருக்குன்னுச்சு. அடடா, இவரு என் தலையை நம்பித் தளத்தை ஆரம்பிச்சிருவாரே, மழை பெஞ்சா சிமெண்ட் பால் பூரா கழுவிட்டுப் போயிடுமேன்னு, வாய்கூடக் கொப்புளிக்காம ஓடி வர்றேன்!

— அதான் வாயோரத்துல நுரையா.

— அண்ணே, இது சிரிக்கிற நேரமா? வெளியில ஒரு ஆளைக்கூடக் காணோம். எல்லாரும் மேலயா இருக்காங்க? எவ்வளவு போட்டாச்சு? பாதியா?

— தளத்தை நான் பார்த்துக்கிறேன். நீ அந்த மூட்டை மேல உக்காரு. எப்பலேருந்து சாப்பிடுறே?

— இந்தத் தடவை மழைக்காலம் முடிஞ்சப்புறம் ஆரம்பிச்சேன். அதுக்கப்புறம் மழையே இல்லையா, உனக்கும் தெரியல, எனக்கும் சொல்ல வேளை வரல. சத்தியமா மறைக்கணும்னு இல்லண்ணே. சரி, மறைக்கணும்னுதான். ஆனா கெட்ட எண்ணத்துல இல்ல.

— எப்படி இருக்கு இப்ப?

— எப்படி இருக்கா? கேக்கிறியா? நிஜமாவே கேக்கிறியா?

— கேட்டுட்டேன். மெதுவா சொல்லு.

— அண்ணே, எனக்குத் தலை இருக்கிறதே ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது! எல்லாரும் இப்படித்தான் இருக்காங்களா? தினமும் இப்படியேவா இருப்பீங்க? இதை வச்சுக்கிட்டா எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியுறீங்க? எனக்கு ரோட்டுல போறவன் சட்டையைப் பிடிச்சு உலுக்கணும்போல இருக்கு, டேய் உனக்குத் தலை வலிக்கலடா, சிரிடான்னு!

— ம்.

— போன வாரம் சினிமாவுக்குப் போனோம். தியேட்டருக்கு! சண்டைக் காட்சியில சீட்டே அதிருது, என் பொண்டாட்டி படத்தைப் பார்க்கல, என் மூஞ்சியவே பார்த்துட்டு இருந்தா. இடைவேளையில அழுதுட்டா பைத்தியம். எங்க கல்யாணத்துக்கு யாரோ குடுத்த சென்ட் பாட்டில், வாசனை பட்டா எனக்கு ஆகாதுன்னு பிரிக்காமலே பீரோவுல வச்சிருந்தா. அன்னிக்குத்தான் அடிச்சுக்கிட்டு வந்தா. கொஞ்சநஞ்சம் இல்ல, அரை பாட்டில். பின்சீட்டுக்காரன் தும்மிட்டே இருந்தான்.

— ரொம்ப நாள் பொறுத்திருக்கா பாவம்.

— பாப்பா கதை தெரியுமா உனக்கு? ஸ்கூல்ல டீச்சர் கூப்பிட்டனுப்பினாங்க. உங்க பொண்ணு பதில் சொன்னா முதல் பெஞ்சுக்குக்கூடக் கேக்க மாட்டேங்குது, காதுல போய் ரகசியம் சொல்ற மாதிரி பேசுறா, பயமா அவளுக்குன்னாங்க. பயம் இல்லண்ணே. பேசக் கத்துக்கிட்டதே அப்படித்தான். அப்பா தூங்குறார், ஷ்ஷ். அப்பாவுக்குத் தலைவலி, ஷ்ஷ். நேரா வீட்டுக்கு வந்து, அவளைத் தூக்கி மேஜை மேல நிக்க வச்சு, கத்துடி தங்கம்னேன். முதல்ல மிரண்டு பார்த்தா. அப்புறம் விட்டா பாரு ஒரு கத்து! கீழ் வீட்டுக்காரர் என்னமோ ஏதோன்னு செருப்புகூடப் போடாம ஓடி வந்துட்டார். நாங்க மூணு பேரும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறோம்!

— அதுக்காக இங்க கத்திக் காட்ட வேண்டாம்.

— நீ ஏண்ணே உம்முனு இருக்கே? கோவமா?

— கோவம் இல்ல. எந்த டாக்டர்?

— பஸ் நிலையத்துக்குப் பின்னாடி, மாடியில, ஒரு டாக்டரம்மா. நான் எங்க போனேன், என் பொண்டாட்டிதான் இழுத்துட்டுப் போனா. நான் பார்க்காத வைத்தியமாண்ணே? கண்ணாடி போட்டாச்சு. தலையில இறுக்கித் துணி கட்டியாச்சு. யாரோ பல்லுதான் காரணம்னு சொல்லி நல்ல பல்லைப் பிடுங்கிட்டு வந்தேன், அதுக்குக்கூட நீதானே கூட வந்தே. இந்தம்மா நான் சொல்லச் சொல்லக் கேட்டுட்டே இருந்தாங்க. வலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுல கண்ணாடிச் சில்லு மாதிரி மினுக்குமான்னாங்க. ஆமாங்கன்னேன். கொட்டாவியா வருமான்னாங்க. அட, அது உங்களுக்கு எப்படித் தெரியும்னேன்.

— கொட்டாவி அதனாலதான் வருதா?

— ஆமாண்ணே! நான் இவ்வளவு நாளும் சோம்பேறித்தனம்னு நினைச்சேன். இது வியாதிங்க, சாக்கு இல்லன்னாங்க அந்தம்மா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

— மாத்திரை வலி வந்ததும் போடுறதா?

— வலி வந்தப்புறம் போட வேற ஒண்ணு இருக்கு. இது வராமலே இருக்கப் போடுறது. படுக்கப் போகும்போது ஒண்ணு.

— வராம இருக்கவே மாத்திரை இருக்கா?

— நானும் இதேதான் கேட்டேன், இதே மாதிரி வாயைப் பொளந்துக்கிட்டு!

— தூக்கம் வருமா? பகல்ல வேலை செய்ய முடியுமா? சாரத்துல ஏறினா தலை சுத்தாதா?

— ஆரம்பத்துல கொஞ்சம் அசத்திச்சு. நாக்கு வறண்டுச்சு. அப்புறம் எல்லாம் சரியாயிடுச்சு. ஆனா ஆளுக்கு ஆள் மாறுமாம், அவங்க பார்த்துத்தான் குடுக்கணுமாம்.

— விட்டுட்டா திரும்ப வருமா?

— ஏண்ணே இப்படிக் குடையுறே? விட்டுட்டா திரும்ப வருமான்னு எதுக்குக் கேக்கிறே?

— சும்மாதான். வேற என்ன கேட்டாங்க?

— வீட்டுல வேற யாருக்காவது இருக்கான்னாங்க. ரத்தத்துல வருமாம் இது. யாருக்கும் இல்லைங்க, எங்கண்ணனுக்கு இருக்கிறது இரும்பு மண்டை, மேலேருந்து செங்கல் விழுந்தா செங்கல்தான் உடையும்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

— நல்லா சொன்னே.

— இரு. பேச்சை மாத்தாதே. விட்டுட்டா திரும்ப வருமான்னு கேட்டேல்ல? எனக்குத் தெரியும் எதுக்குன்னு.

— எதுக்கு?

— மாத்திரையை நிறுத்தச் சொல்லப் போறே.

— டேய்.

— இல்லண்ணே, நான் பேசிடுறேன், இப்ப விட்டா அப்புறம் வாய் வராது. ஸ்கூல்ல பாதி நாள் பெஞ்சுல கவுந்து படுத்திருந்தவன் நான். எந்த வேலையிலயும் நிலைக்கல. வெயில்ல நின்னா வாந்தி எடுப்பேன். எங்க போனாலும் சோம்பேறின்னு பேரு. நீ ஒருத்தன்தான் இவன் வலிக்கும் ஒரு வேலை இருக்குன்னு கண்டுபிடிச்சே. தம்பி தலை சொன்னாத்தான் நாங்க கான்கிரீட் போடுவோம்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் பெருமையடிச்சே. போர்டுல ‘பிரதர்ஸ்’னு போட்டு என்னையும் முதலாளி ஆக்கினே. இப்ப வலி போயிடுச்சு. வலி போயிடுச்சுன்னா நான் உனக்கு எதுக்குண்ணே?

— முடிச்சுட்டியா?

— இன்னும் ஒண்ணு. நீ நிறுத்துன்னு சொன்னா நான் நிறுத்திடுவேன். சத்தியமா நிறுத்திடுவேன். எனக்கு அதான் பயமே.

— நிறுத்திப் பாரு, காலை உடைச்சுடுறேன்.

— என்னண்ணே?

— ஒரு வேளை மாத்திரையை மறந்தேன்னு என் காதுக்கு வரட்டும், அப்புறம் தெரியும் சேதி. மழை தெரியாட்டி என்ன? கண்ணு இருக்கு, கை இருக்கு. கணக்குல நீ புலி. நாளையிலேருந்து என்கூட மேல ஏறு. கம்பி எப்படிக் கட்டுறாங்கன்னு பாரு, கலவை எப்படி விழுதுன்னு பாரு. நாம கட்டின ஒரு வீட்டுலயாவது நீ மாடியில நின்னிருக்கியா, பட்டப்பகல்ல?

— இல்லண்ணே. எல்லாத்தையும் ராவுல இருட்டினப்புறம் ஒரு தடவை வந்து பார்ப்பேன்.

— இனிமே வெயில்ல பாரு.

— அண்ணே! நிஜமாவா? உன்னைக் கட்டிப் பிடிக்கட்டா?

— வேண்டாம். உலுக்காதே, உலுக்காதேடா! கையை எடு. வாயைத் துடைச்சுட்டு வா முதல்ல.

— சத்தியமா சொல்றேன், நான் என்னென்னமோ நினைச்சுட்டேன். வர்ற வழியெல்லாம் வசனம் தயார் பண்ணிட்டு வந்தேன். பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாம வந்துட்டேன். இரு, போன் பண்றேன், அவ துள்ளிக் குதிப்பா! அய்யோ, ஆரம்பிச்சுடுச்சு! தகரத்துல என்ன அடி அடிக்குது பாரு! தளம்! பேச்சுல தளத்தை மறந்தே போயிட்டோமே! தார்ப்பாய் எங்கண்ணே? நகரு, நானே ஏறிப் பிடிக்கிறேன்! ஆளுங்களுக்குக் குரல் குடு!

— உக்காரு.

— உக்காரவா? மேல கான்கிரீட் கரையுது!

— மேல கான்கிரீட்டே இல்லடா. வெறும் கம்பிதான். நனையட்டும், ஒண்ணும் ஆகாது.

— போடலையா?

— போடலை. விடியும்போதே மேஸ்திரியைக் கூப்பிட்டு, இன்னிக்கு ஆளுங்க வேண்டாம்னு சொல்லிட்டேன்.

— நல்லா இருக்கே கதை! அப்ப இவ்வளவு நேரம் என்னைத் துடிக்க விட்டுட்டு வேடிக்கையா பார்த்தே?

— உன் சினிமாக் கதையெல்லாம் கேக்கணும்போல இருந்துச்சு.

— அது சரி. எனக்கு இப்ப சந்தோஷத்துல சிரிப்பா வருது, அடி விழாம தப்பிச்சேன், தளமும் தப்பிச்சுது! ஆனா ஒண்ணு இடிக்குதே. போனைத் திறந்தா இன்னிக்குப் பூரா சூரியன் படம்தான் போட்டிருக்கு. என் தலையும் மழை இல்லைன்னுச்சு. அப்புறம் எதை நம்பி நிறுத்தினே?

— உனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்.

— முன்னாடியேவா? நான் வலி இல்லைன்னு சொன்னது உனக்குத் தேவையே இல்லையா?

— என்னிக்குமே தேவைப்பட்டதில்ல.

— என்னண்ணே சொல்றே? அப்ப ஒவ்வொரு தளத்துக்கும் காலங்காத்தால கூப்பிட்டுக் கேட்டது?

— நீயும் துடிச்சுக்கிட்டு இருக்கியோன்னு மனசு கேக்காமதான்.

— நீயும்னா? வேற யாரு துடிக்கிறா?

— சின்ன வயசுலேருந்து ரெண்டு பேருக்கும்தான்டா. ஒருத்தனாவது எழுந்து நடமாடணுமேன்னு நான் படுக்கல, அவ்வளவுதான். விடியக்காலையிலேருந்து இந்த இடது கண்ணுக்குப் பின்னால ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு, மழை விடட்டும், அந்த டாக்டரம்மாகிட்ட என்னையும் கூட்டிட்டுப் போ.