இன்னைக்குச் சனிக்கிழமையா?

எழுபதுகளில் ஒருநாள், உசிலம்பட்டியிலிருந்து எழுமலை போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும். அவள் மடியில் நல்லெண்ணெய் பாட்டில்.

“வாங்கிட்டேன். ஆனா அய்யாவுக்குத் தலையில எண்ணெ வைக்கவே பயமா இருக்குண்ணே” என்றாள்.

பேப்பரை மடித்துவிட்டேன். படுக்கையில் கிடந்து தேறாதவர்களுக்கு எண்ணெய் தேய்த்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி உயிரை அனுப்பிவைக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு.

“ஊத்திவிடுறதுதான் புண்ணியம்ங்குறாரு பெரியப்பா. முதுகெல்லாம் புண்ணு. டாக்டரும் கையை விரிச்சுட்டாரு” என்றான் அண்ணன்.

“கொடுத்த சாமி எடுக்கட்டும். நம்ம யாருண்ணே?”

“அதான் நானும் வேண்டாம்னேன். போலீஸ் கொலைன்னுதான் எழுதுவான்.”

“நான் அதைச் சொல்லலண்ணே. சனிக்கிழமை தவறாம எண்ணெ தேச்சுக் குளிச்ச மனுசன். நாலு மாசமா தலை காஞ்சு கெடக்கு. ‘ஆத்தா, இன்னைக்குச் சனிக்கிழமையா?’ன்னு தெனமும் கேக்குறாரு. தேச்சுவிட்டா தெரு என்ன நினைக்குமோன்னு, சனிக்கிழமையிலயும் இல்லைய்யான்னு பொய் சொல்றேன்.”

எழுமலை வந்ததும் அண்ணன் பாட்டிலை வாங்கிக்கொண்டான்.

“வாசல்ல கட்டிலைப் போட்டு நானே தேச்சுவிடுறேன். நீ ஆவி பறக்க வெந்நி போடு. தெருவே பாக்கட்டும்.”

“இன்னைக்கு வியாழக்கிழமைண்ணே.”

“இருக்கட்டும். அய்யாகிட்ட சனிக்கிழமைன்னு சொல்லு.”